பேச்சிப்பாறைத் தண்ணீரும் மணக்குடி மணலும்

கன்னியாகுமரி மாவட்டம் 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத சின்ன மாவட்டம். கீரிப்பாறைக் காட்டோரத்தில் காலையில் கிளம்புகிறவர் ரப்பர்த் தோட்டம், வாழை, தென்னை, நெல்வயல், குளம், உப்பளம் எல்லாவற்றையும் தாண்டி மத்தியானச் சாப்பாட்டுக்குள் கடலில் கால் நனைத்துவிடலாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்கின்றன. மலைக்கும் கடலுக்கும் நடுவில் தூரம் குறைவு என்பதால், மேலே நடக்கிற எதுவும் கீழே வந்து சேர அதிக நாள் பிடிக்காது. மலைச்சரிவில் மண் அரித்தால் ஆற்றின் நிறம் மாறுகிறது. ஆற்றில் மணல் வரத்து குறைந்தால் கடற்கரை மெலிகிறது. நாகர்கோவில் சாக்கடை பழையாற்றில் கலந்தால் அதன் விளைவு மணக்குடிக் காயலில் தெரிகிறது.

இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற ஓர் இடத்தை ஆராயும்போது மட்டும் நாம் அதைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறோம். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கிருந்தும் பெருஞ்சாணியிலிருந்தும் வருகிற தண்ணீர் புத்தன் அணையில் சேர்ந்து, தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய் என்று பல கால்வாய்களாகப் பிரிந்து வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. மிச்சம் வடிந்து ஆற்றுக்கும் காயலுக்கும் வருகிறது. இந்த ஒரே தண்ணீரின் அளவை நீர்வளத் துறை குறித்து வைக்கிறது. அதில் விளைகிற நெல்லைத் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்கிறது. அதில் இறங்குகிற பறவைகளை வனத்துறையும் பறவை ஆர்வலர்களும் எண்ணுகிறார்கள். மீன்குஞ்சு விடுவது மீன்வளத் துறை. தண்ணீரின் உப்பையும் அமிலத் தன்மையையும் அளந்து ஆய்வேடு எழுதுவது நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள். ஒவ்வொருவரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்யலாம். ஆனால் இந்த எண்கள் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்படுவது மிகவும் அபூர்வம்.

ஆய்வு போதவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறு. கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டு முடித்துவிட்டு, விடைகளை மட்டும் கடைசியில் ஒன்றுசேர்க்கப் பார்க்கிறோம். நிலைத்த வளர்ச்சி, சூழல் பாதுகாப்பு என்று பேசுகிற எல்லோரும் இன்று ‘பல துறைகள் சேர்ந்து ஆராய வேண்டும்’ என்கிறார்கள். அந்தச் சேர்க்கை எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதைக் குமரி மாவட்டத்தை வைத்தே விளக்கிப் பார்க்கலாம்.

சேர்ந்து ஆராய்வதில் படிகள் உண்டு. ஒரு திட்ட அறிக்கைக்கு மண்ணியலாளர் ஓர் அத்தியாயம், உயிரியலாளர் ஓர் அத்தியாயம், பொருளியலாளர் ஓர் அத்தியாயம் எழுதித் தருவது முதல் படி. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்காமலேயே அறிக்கை முடிந்துவிடும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் பெரும்பாலும் இந்த ரகம். அடுத்த படியில் ஒரு துறையின் விடை இன்னொரு துறையின் கேள்வியை மாற்றுகிறது. பறவையியலாளர் சொன்னதைக் கேட்டுப் பொறியாளர் தன் வரைபடத்தைத் திருத்துகிறார். அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. அந்த நிலத்தையும் கடலையும் நம்பிப் பிழைக்கிறவர்கள், தகவல் தருகிறவர்களாக மட்டும் இல்லாமல், எதை ஆராய வேண்டும் என்று முடிவெடுக்கிறவர்களாகவே உட்காருவார்கள். 2012இல் உருவான பல்லுயிர் பெருக்கத்துக்கான பன்னாட்டு அறிவியல் மன்றம், பழங்குடிகளின் அறிவையும் உள்ளூர் மக்களின் அறிவையும் தன் மதிப்பீடுகளில் சேர்த்துக்கொள்வதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. அதாவது இது யாரோ நல்ல மனதோடு செய்கிற தர்மம் என்ற நிலையைத் தாண்டி, ஆய்வு முறையாகவே ஏற்கப்பட்டிருக்கிறது.

குளத்துக்குள் எத்தனை பேர்

குமரி மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. அவற்றில் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022இல் ராம்சார் தளங்களாக அறிவிக்கப்பட்டன. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி அது. அறிவிப்பு வந்தது பெரிய மகிழ்ச்சி. ஆனால் அறிவிப்புக்குப் பிறகுதான் உண்மையான கேள்விகள் தொடங்குகின்றன.

தேரூர்க் குளத்தையே எடுத்துக்கொள்வோம். மார்கழி மாதம் காலை ஏழு மணிக்குக் கரையில் நின்றால், தாமரை இலைகள் மேல் இலைக்கோழிகள் விரல் பரப்பி நடப்பதைப் பார்க்கலாம். கொஞ்சம் ஆழமான இடத்தில் கூழைக்கடாக்கள் மிதக்கும். கரையோரம் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் சேற்றைக் கிளறும். கரைக்கு அந்தப் பக்கம் வயலில் கும்பப்பூ நெல் நிற்கிறது. மடை திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. மீன்பாசி குத்தகை எடுத்தவருடைய வலை ஒரு பக்கம் காய்கிறது.

இந்தக் காட்சியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தண்ணீர் வேறு வேறு அளவில் வேண்டும். விவசாயிக்கு மாசியில் அறுப்பு முடியும்வரை குளம் நிறைந்து நிற்க வேண்டும். மீன் பிடிக்கிறவருக்குத் தண்ணீர் வற்றினால்தான் வேலை எளிது. தாமரை பறிக்கிறவருக்குத் தாமரை படர வேண்டும். படர்ந்தால் மீன்காரருக்கு வலை போட இடமில்லை. நீண்டகால் பறவைகளுக்கு ஆழமே ஆகாது, ஓரத்தில் படிப்படியாகச் சரிகிற ஆழமற்ற விளிம்பு வேண்டும்.

இப்போது தூர்வாரும் திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பொறியாளரின் கணக்கு கொள்ளளவு. குளத்தை ஒரே சீராகத் தோண்டி, கரையைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தினால் கொள்ளளவு கூடும். கணக்குப்படி அது வெற்றிதான். ஆனால் அந்த ஒரே வேலையில் ஆழமற்ற விளிம்பு முழுவதும் போய்விடுகிறது. நாரைக்கும் உள்ளானுக்கும் நிற்க இடமில்லை. மீன் முட்டையிடுகிற, புல் வளர்ந்த ஓரமும் இல்லை. அடுத்த வருடம் பறவைக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை குறையும். காலநிலை மாற்றம் என்று யாராவது எழுதுவார்கள். பறவையியலாளரும் பொறியாளரும் முன்பே பேசியிருந்தால், குளத்தின் நடுவை ஆழமாக்கிவிட்டு ஒரு பக்க விளிம்பைச் சரிவாக விட்டிருக்கலாம். அதனால் கொள்ளளவில் பெரிய நஷ்டம் வந்துவிடாது.

இதில் மண்ணியலாளருக்கும் வேலை இருக்கிறது. குளத்து வண்டலை வயலுக்கு அடிப்பது நாஞ்சில் நாட்டின் பழைய வழக்கம். அன்றைய வண்டல் வெறும் வண்டல். இன்று குடியிருப்புக் கழிவுநீர் கலக்கிற குளத்து வண்டலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வயலில் கொட்ட வேண்டும். அப்படியானால் நகரத் திட்டமிடல் தெரிந்தவரும் வர வேண்டும், ஏனென்றால் கழிவுநீர் குளத்துக்கு வருவது குளத்தின் குற்றம் ஆகாது. நான்குவழிச் சாலைக்காகக் குளங்களின் குறுக்கே மண் கொட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும் வழக்குகளும் நினைவிருக்கும். சாலைப் பொறியியலும் நீரியலும் தனித்தனி அலுவலகங்களில் வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைகிற நாடு இது. கும்பப்பூ வயலில் நிற்கிற மாதங்களும் வலசைப் பறவைகள் இங்கே தங்குகிற மாதங்களும் கிட்டத்தட்ட ஒன்றே. பறவைக்குக் குளம் ஓய்வெடுக்கிற இடமென்றால், வயல் இரை தேடுகிற இடம். நெல் லாபமில்லை என்று வயல் தென்னையாகவும் வாழையாகவும் மாறி, கடைசியில் மனையாகிறபோது, குளத்துக்கு வேலி போட்டுப் பாதுகாத்தாலும் பறவை வராது. ஆகவே ஈரநிலத்தைக் காப்பாற்றுகிற ஆய்வில் நெல்லின் கொள்முதல் விலையும் ஒரு கேள்வியாக இருந்தே தீர வேண்டும். பறவை ஆய்வேட்டில் நெல் விலைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கச் சொன்னால் வழிகாட்டிப் பேராசிரியர் தயங்குவார். அந்தத் தயக்கம்தான் இந்த ஆய்வுகளைப் பாதியில் நிறுத்துகிறது.

மணல் எங்கே போகிறது

கடற்கரைக்கு வருவோம். ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை மீனவ ஊர்கள் வரிசையாக, இடைவெளியே தெரியாமல் இருக்கின்றன. கடலரிப்பு இல்லாத ஊரைத் தேட வேண்டும். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த மதிப்பீட்டில், இந்தியக் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் இந்த விகிதம் இன்னும் அதிகம்.

கரையோரம் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. அலை சாய்வாக வந்து மோதும்போது மணலைக் கரைக்கு இணையாக நகர்த்திக்கொண்டே போகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஒரு திசை, காற்று திரும்பினால் இன்னொரு திசை. ஆனி ஆடியில் காணாமல் போகிற மணல் மார்கழி தையில் திரும்பி வருவதைக் கடற்கரை ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே, கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல்தடுப்பான தூண்டில் வளைவோ துறைமுக அலைத்தடுப்புச் சுவரோ போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். அரித்த ஊர் தனக்கும் ஒரு தூண்டில் வளைவு வேண்டும் என்று போராடும். போட்டுக் கொடுப்பார்கள். அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும். ஊர் ஊராகக் கேட்பதும் ஊர் ஊராகப் போடுவதும் நியாயம் போலத் தெரியும். மணலுக்கு ஊர் எல்லை கிடையாது.

இதற்கு விஞ்ஞானிகள் சொல்கிற வழி, மணல் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய் நிற்கிறதோ அந்தப் பகுதி முழுவதையும் ஒரே அலகாக எடுத்துத் திட்டமிடுவது. சென்னையிலுள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம் இப்படிப்பட்ட அலகுகளை இந்தியக் கடற்கரைக்கு வகுத்திருக்கிறது. ஆனால் அலகை வகுப்பது பாதி வேலைதான். மணலின் வரவு செலவைப் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றுக்குள் போக வேண்டும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் தேக்கி வைப்பது தண்ணீரை மட்டுமா? மலையிலிருந்து இறங்குகிற மணலில் ஒரு பங்கும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆற்றுப்படுகையில் அள்ளியது எவ்வளவு? கடற்கரையில் அள்ளுவது எவ்வளவு? அணைப் பொறியாளர், புவியியலாளர், கடல் பொறியாளர், கனிமவளத் துறை எல்லோருடைய கணக்கையும் சேர்த்தால்தான் ஒரு கரையின் வரவு செலவு முழுமையாகும். ஊர் எங்கே வீடு கட்டியது, ஏன் அங்கே கட்டியது என்று கேட்க வரலாறும் சமூகவியலும் வேண்டும்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் இதற்கு வலியான உதாரணம். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேர்கிற இடத்தருகே அமைந்த துறைமுகம் அது. வாய்ப்பகுதியில் மணல் மேடிட்டால் ஆழம் குறையும். ஆழம் குறைந்த இடத்தில் அலை எழும்பி உடையும். உள்ளே நுழைகிற படகு கவிழும். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. ஆறும் கடலும் மோதுகிற இடத்தில் மணல் எந்த மாதத்தில் எங்கே மேடிடும் என்பதைப் பல வருடம் பார்த்துத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்து மீனவர்கள். இரையுமன்துறைக்காரர்களோடு உட்கார்ந்து மணல் மேட்டின் மாதவாரி வரைபடம் ஒன்றைப் போட்டு, அதன் பிறகு கணினி மாதிரிக்குப் போவதுதான் முறை. கட்டி முடித்த பிறகு கருத்துக் கேட்பதால் ஆகப்போவது குறைவு.

மணல் என்றால் மணவாளக்குறிச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமத்தைக் கண்டறிந்தார். அங்கிருந்து தொடங்கியது இந்தக் கரையின் கனிமக் கதை. இப்போது கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடி வருகிறார்கள். இந்த விவாதத்தில் ஒரு துறையின் விடையை இன்னொரு துறையின் கேள்விக்குப் பதிலாகக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. மணலில் இயற்கையாக இருக்கிற கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது அது. கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு, மதிக்க வேண்டும். ஆனால் அது பதில் சொன்ன கேள்வி ஒன்றுதான். மணலைத் தோண்டி எடுத்தால் கரை என்ன ஆகும், நிலத்தடி நீரில் உப்பு ஏறுமா, பிரித்தெடுக்கிற இடத்தில் தூசியைச் சுவாசிக்கிற தொழிலாளிக்கு என்ன ஆகும், தோப்பையும் கரையையும் நம்பிய குடும்பம் எங்கே போகும் என்பவை வேறு வேறு கேள்விகள். கருநாகப்பள்ளியை மட்டும் காட்டி ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்பதும், மணலைப் பற்றிய பயத்தை மட்டும் வைத்து எல்லாப் புற்றுநோயையும் அதன் தலையில் கட்டுவதும் நம் மக்களுக்கு உதவாது. எல்லாக் கேள்விகளையும் ஒன்றாகக் கேட்கிற, இரு தரப்பும் நம்புகிற ஒரு குழு ஆராய்ந்தால்தான் மக்கள் ஏற்பார்கள்.

ஒக்கியும் கள்ளக்கடலும்

2017 நவம்பர் 29ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கி புயலாகிக் குமரிக் கடலைக் கடந்தது. தூத்தூர் பக்கத்து எட்டு ஊர்களின் ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாட்கள் முன்பே கிளம்பி, கைபேசிக் கோபுரங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. எச்சரிக்கை வந்தது; அது போய்ச் சேர வழியில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. வானிலை அறிவியலின் தவறு என்று மட்டும் இதைச் சுருக்க முடியாது. புயல் வேகமாக வலுப்பெற்றது ஒரு துறையின் பிரச்சினை. பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கரைக்குத் தெரியாதது இன்னொரு துறையின் பிரச்சினை. எச்சரிக்கையின் மொழி மூன்றாவது. ‘மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்’ என்ற வாசகம் ஏற்கெனவே கடலுக்குள் இருப்பவருக்கு என்ன சொல்கிறது?

ஒக்கிக்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் வந்தன. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் தகவல்களைக் கைபேசி எல்லைக்கு அப்பாலும் பெற உதவும் ‘ஜெமினி’ கருவி 2019இல் அறிமுகமானது. கருவி வந்ததோடு ஆய்வு முடிவதில்லை. எந்த மொழியில், எந்த அலகில் சொன்னால் படகில் இருப்பவர் முடிவெடுக்க முடியும் என்பது மொழியியலாளரும் மீனவரும் சேர்ந்து விடை காண வேண்டிய விஷயம். காற்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, எந்தத் திசைக்காற்று, நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கும், எத்தனை மணிக்குள் கரை பிடிக்கலாம் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

துறைகளும் மீனவர்களும் சேர்ந்து பலன் கண்ட கதையும் இதே கடலில் இருக்கிறது. காற்று இல்லாமல், மேகம் இல்லாமல், திடீரென்று கடல் கரையேறும் நிகழ்வைக் கேரளத் தென்கரை மீனவர்கள் கள்ளக்கடல் என்று வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். 2005 மே மாதம் கேரளத்திலும் தென் தமிழகத்திலும் அது பெரிய அளவில் வந்தபோது திருவனந்தபுரத்து விஞ்ஞானிகள் அதைப் பதிவுசெய்து ஆராயத் தொடங்கினார்கள். இந்தியப் பெருங்கடலின் தெற்கே தொலைதூரப் புயல்களில் எழும் நெட்டலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து நம் கரைக்கு வருகின்றன என்பது பிறகு தெளிவானது. 2012இல் யுனெஸ்கோ மீனவர்களின் அந்தப் பெயரையே அறிவியல் வழக்காக ஏற்றது. 2020இல் இன்காய்ஸ் அதற்கு முன்னறிவிப்பு தரத் தொடங்கியது. மீனவர் கண்டது, கடலியலாளர் விளக்கியது, கணினி வல்லுநர் முன்கூட்டியே கணக்கிட்டது என்று ஒரு சங்கிலி.

அந்தச் சங்கிலியில் இன்னும் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. 2024 மே 6ஆம் தேதி, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் குளிக்க இறங்கிய ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அறிவியல் சரியாகச் சொன்னதை, வெளியூரிலிருந்து கடல் பார்க்க வந்த இளைஞர்கள் அறியவில்லை. முன்னறிவிப்பைச் சுற்றுலாப் பயணிக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பது கடலியலின் கேள்வியே கிடையாது. மனிதர்கள் ஆபத்தை எப்படி எடைபோடுகிறார்கள் என்று ஆராய்கிறவர்களின் கேள்வி. அவர்களை யாரும் அழைப்பதில்லை.

மலைப்பக்கம்

தேன் பற்றிக் கொஞ்சம் பார்க்கலாம். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மேம்பாட்டு மையம் பரப்பிய பெட்டித் தேனீ வளர்ப்பின் தொடர்ச்சி இது. இந்தத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விட்டு, அந்த இலை முற்றுகிற சமயத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேர்கிற இடத்தைக் கூர்ந்து பார்த்தால் சின்னச் சின்னச் சுரப்பிகள் தெரியும். அதில் ஊறுகிற இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்கிறது. அந்த நாட்களில் காலம் தவறி மழை பெய்தால் இனிப்பு கழுவப்பட்டுவிடும். தளிரில் சாம்பல் நோய் வந்தால் இலையே உதிர்ந்துவிடும். நோய்க்குக் கந்தகத் தூள் தூவுவார்கள். அது தேனீயை என்ன செய்யும் என்று ரப்பர் ஆராய்ச்சியாளர் கேட்பதில்லை, அது அவர் பயிர் இல்லை. ரப்பர் மரம் எப்போது இலையுதிர்க்கும் என்று தேனீ ஆராய்ச்சியாளர் பதிவுசெய்வதில்லை. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைத் தாக்கும் தாய்லாந்து சாக்ப்ரூட் வைரஸ் வந்து தென்னிந்தியாவின் பெட்டித் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அந்த அடி வாங்கிய தொழில் இன்று மழையின் போக்கு மாறுவதையும் தாங்க வேண்டியிருக்கிறது. ரப்பர், தேனீ, வானிலை மூன்றையும் ஒரே நாட்காட்டியில் குறித்தால் தேன் வளர்ப்பவருக்கு உடனே பயன்படும்.

காட்டறிவு என்றால், அகத்தியமலைப் பழங்குடிகளான காணிகள் அறிந்த ஆரோக்கியப் பச்சை என்ற செடியைச் சொல்ல வேண்டும். 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிய காணிகள், களைப்பு தெரியாமல் இருக்க அந்தச் செடியின் காயை மென்றார்கள். அதிலிருந்து, கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது; கிடைத்த உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை அமைந்தது. உள்ளூர் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி முயற்சியாக உலகம் இதைப் பேசியது. எனக்கு இதில் ஒரு குறை உண்டு. அந்த அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. பேச்சிப்பாறைக்கு மேலே வாழ்கிற காணிகளும் அதே காட்டின் மக்கள், அதே செடியை அறிந்தவர்கள். 2016இல் யுனெஸ்கோ அங்கீகரித்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் இரு மாநிலத்தையும் ஒன்றாகப் பார்க்கிறது. ஆய்வின் பலனும் அப்படி எல்லை தாண்டினால் நல்லது.

எது தடுக்கிறது

தடை என்பது பெரும்பாலும் மனப்பான்மை இல்லை, ஏற்பாடு. ஆராய்ச்சிப் பணம் துறைவாரியாக வருகிறது. முனைவர் பட்டம் துறைவாரியாக மதிப்பிடப்படுகிறது. வேதியியல் மாணவி மீனவப் பெண்களோடு பேசிச் சேகரித்த தகவலுக்கு அவளுடைய ஆய்வேட்டில் மதிப்பெண் கிடையாது. மூன்று வருடத்தில் திட்டம் முடிந்தாக வேண்டும். கரை எப்படி நகர்கிறது என்று தெரிய மூன்று வருடம் போதாது. அப்புறம், ஆய்வு முடிந்ததும் கட்டுரை ஆங்கிலத்தில் ஒரு சஞ்சிகைக்குப் போகிறது. தகவல் தந்த ஊருக்கு ஒரு பக்கம் தமிழில்கூட வருவதில்லை. அடுத்த முறை இன்னொரு குழு நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் ஊர் முகம் திருப்பிக்கொள்வது நியாயமே.

பேசுகிற நேரத்துக்குக் கூலி என்பதையும் ஆய்வுத் திட்டங்களில் எழுத வேண்டும். பேராசிரியர் களத்துக்கு வருகிற நாளுக்கு அவருக்குப் பயணப்படி உண்டு. அன்று கடலுக்குப் போகாமல் அவரோடு உட்கார்ந்த மீனவருக்கு அன்றைய வருமானம் போயிற்று. அவர் தருவதும் ஆய்வுத் தரவுதான்.

அரசுத் தரப்பில் வாய்ப்பு இல்லாமல் இல்லை. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம், ஈரநிலங்கள் இயக்கம் எல்லாம் வந்திருக்கின்றன. மாவட்ட அளவில் ஆட்சியரே காலநிலைப் பணியை ஒருங்கிணைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. திருப்பதிசாரத்திலும் பேச்சிப்பாறையிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. தூத்தூரில் மீனவ ஊர்களுக்கு நடுவிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. ஆள் இருக்கிறார்கள், இடம் இருக்கிறது.

இந்த மாவட்டத்தில் மட்டும் கிடைக்கிற ஒரு வாய்ப்பும் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டத்து விசைப்படகுகள் முதல் கணக்கில் வருகின்றன, குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் இரண்டாவதில். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். மீனுக்கு எது பொருத்தம், எந்த மீன் எப்போது முட்டையிடுகிறது, தடைக்காலத்தில் தொழிலாளர்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள், கடன் எவ்வளவு ஏறுகிறது என்று மீன் உயிரியலாளரும் பொருளியலாளரும் சேர்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான ஆய்வுக்களம் இந்தியாவில் வேறு எங்கே கிடைக்கும்?

தொடங்குவதற்கு எனக்குப் பொருத்தமாகப் படுவது மணக்குடிப் பொழிமுகம். பழையாறு கடலில் சேர்கிற இடம், 2004 சுனாமியில் பாலமே அடித்துப்போன இடம், சதுப்புநிலக் காடு வளர்க்கப்படுகிற இடம், பக்கத்திலேயே புத்தளம் உப்பளம். பொழி எந்த நாளில் மணலால் மூடியது, எந்த நாளில் திறந்தது, யார் வெட்டித் திறந்தார்கள் என்பதை மேலமணக்குடியிலும் கீழமணக்குடியிலும் ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும். அதே தேதிகளுக்குப் பழையாற்றில் வந்த தண்ணீரின் அளவை நீர்வளத் துறை தரட்டும். காயல் நீரின் உப்பைக் கல்லூரி மாணவர்கள் வாரம் ஒருமுறை அளக்கட்டும். இறால், நண்டு பிடிக்கிறவர்கள் கிடைத்ததைச் சொல்லட்டும், பறவை எண்ணுகிறவர்கள் தங்கள் பட்டியலைச் சேர்க்கட்டும், மேலே குடியிருப்புகளில் கழிவுநீர் எந்த ஓடையில் விடப்படுகிறது என்று மாநகராட்சி வரைபடம் கொடுக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் மணக்குடியிலேயே கூடி, கணக்கைத் தமிழில் படித்து, அடுத்த மூன்று மாதத்துக்கு எதை அளப்பது என்று முடிவு செய்யலாம். முதல் கூட்டத்தை ஆனி ஆடிக் கடல் அடங்கி, மீனவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிற மாதத்தில் வைக்க வேண்டும். எந்த மாதம் என்பதை அவர்களே சொல்வார்கள்.